கலக்கும் கை

வெயிலுக்கு முன்னதாக எழுந்து வேலைகளை முடித்துக்கொள்வது பாளையங்கோட்டையில் இப்போது எல்லா வீட்டாருக்கும் பழகிப்போன ஒன்று. பொழுது ஏறிவிட்டால், தெருக்களின் மேல் நிழற்கூரைகள் விரிந்திருந்தும் வெளியில் நிற்க முடிவதில்லை. நாயகி அன்றும் இருட்டு விலகுவதற்குள் எழுந்து, பாலைக் காய்ச்சி இறக்கி, ஒரு பாத்திரத்தில் வெந்நீரும் ஒரு பருத்தித் துணியுமாகத் தந்தையின் அறை வாசலுக்கு வந்தாள். வந்தவள் சற்று நின்றாள். உள்ளே அடி வைத்ததும் உணர்தரை அவளை அறிந்துகொள்ளும். கட்டிலுக்கு மேலே சுவரில் அவள் பெயர் எழுதிய சிறு விளக்கு விழித்துக்கொள்ளும். அந்த விளக்கைப் பார்க்காமல் வேலை செய்யத்தான் பல மாதங்களாக அவள் முயன்றுவருகிறாள்.

"அப்பா, விடிஞ்சிட்டு. கையக் குடுங்க."

"சரி" என்றார் பிரமநாயகம்.

பக்கவாதம் அவருடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் ஒருசேர எடுத்துக்கொண்டு போயிருந்தது. எஞ்சியது அந்த ஒரு சொல். பசிக்கும் அதுவே, கோபத்துக்கும் அதுவே, கண்ணீருக்கும் அதுவே.

அவள் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, இறுகிக் கிடந்த அவருடைய வலக்கையின்மேல் சுற்றினாள். சூடு இறங்கியதும் கட்டைவிரலில் தொடங்கினாள். ஒவ்வொரு விரலாக நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தியபடியே பிடித்துவைக்க வேண்டும். பிறகு மணிக்கட்டைப் பின்னால் வளைக்க வேண்டும். அதன்பின் முழங்கை, தோள், முழங்கால், கணுக்கால். இரண்டாவது விரலில் பிரமநாயகத்தின் நெற்றி சுருங்கியது. மூன்றாவது விரலில் அவர் முனகினார். நடுவில் விட்டால் நேற்றுச் செய்ததும் வீணாகும் என்று கற்றுக்கொடுத்தவர்கள் சொல்லியிருந்ததால் அவள் விடவில்லை. சுவரைப் பார்க்காவிட்டாலும், வெள்ளைத் துணியின்மேல் சிவப்பு வெளிச்சம் படிவதை அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எல்லாம் முடிந்த பின்பு பால் தம்ளரை அந்த வலக்கையிலேயே பொருத்திவிட்டாள். தம்ளர் நடுங்கிற்று. பாதி மார்பில் சிந்தியது. மீதி வாய்க்குள் போயிற்று. தம் கையால் தாமே குடித்தவரின் முகத்தில் ஒரு சிறு கர்வம் வந்து போனது.

சுவரில் இன்னொரு விளக்கும் இருந்தது. அதில் கோலப்பன் என்று எழுதியிருந்தது. அவன் நாயகியின் தம்பி. கொச்சியில் வேலை. சனிக்கிழமைதோறும் குழாய்வண்டியில் வந்து, தந்தையின் இடப்பக்கத்தில் அமர்ந்து, நன்றாக இருக்கும் இடக்கையைப் பற்றிக்கொண்டு, சின்ன வயதுக் கதைகளைப் பேசிவிட்டு ஞாயிறு மாலையில் போய்விடுவான். அவன் விளக்கு நீலமாகவே எரியும்.

இசைவுரிமைச் சட்டம் வந்த காலத்தில் அதை வாழ்த்தாதவர் இல்லை. அதற்கு முன்பு, படுக்கையில் கிடந்த பெற்றோரின் பெருவிரலை மையில் தோய்த்து வீட்டை எழுதி வாங்கியவர்கள் இருந்தார்கள். எழுதி வாங்கிய மறுநாளே அவர்களைப் பேருந்து நிலையத்தில் அமர்த்திவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். சொல்லை வாங்கிவிடலாம், எழுத்தைத் திருத்திவிடலாம், உடல் மட்டும் பொய் சொல்லாது என்றது சட்டம். பெற்றோர் பேச்சிழந்த நாளிலிருந்து பழைய உயில் செல்லாது. அவர்கள் கழுத்தில் ஒரு நாடிப்பட்டை அணிவிக்கப்படும். பிள்ளை அருகில் இருக்கையில் நாடி படபடத்தால் அந்தப் பிள்ளையின் விளக்கு சிவக்கும், அடங்கினால் நீலமாகும். எந்தப் பிள்ளையின் பொறுப்பில் அந்த நாடி அமைதி கொள்கிறதோ அந்தப் பிள்ளைக்கே வீடு. பெற்றோரும் அந்தப் பிள்ளையின் பாதுகாப்பில். யாருடைய விளக்கு சிவந்தே இருக்கிறதோ அவர் 'கலக்கும் கை' என்று அறிவிக்கப்படுவார். அவர் அந்த வீட்டில் வசிக்கவோ பெற்றோரைத் தொடவோ கூடாது. அன்பில்லாத கைகளை நோயாளியிடமிருந்து விலக்கும் கருணை இது என்று சட்டத்தின் முன்னுரை கூறிற்று. இறுகிய விரலை ஒருநாளேனும் நிமிர்த்திப் பார்த்தவர் எவரும் அந்த முன்னுரையை எழுதியிருக்க முடியாது.

எல்லா வீட்டிலும் இருப்பதுபோல் அந்த வீட்டிலும் ஒரு செவிலிப்பொறி இருந்தது. அந்த ரோபோவை எல்லாரும் சிஸ்டர் என்றே அழைத்தார்கள். அது குளிப்பாட்டும், புரட்டிப் படுக்கவைக்கும், ஊட்டும். ஆனால் நோயாளியின் முகம் சுளித்த அந்தக் கணமே, "மன்னிக்கவும், ஐயாவுக்கு வலிக்கிறது" என்று சொல்லிக் கையை எடுத்துவிடும். அதையும் சட்டமே அப்படிப் பழக்கியிருந்தது.

கோலப்பன் வீட்டுக்காக வருபவனாக இருந்திருந்தால் நாயகிக்கு எளிதாக இருந்திருக்கும். அவனை வெறுத்துவிட்டு உறங்கியிருப்பாள். அவன் அப்பாவுக்காகவே வந்தான். ஆனாலும் அவனுக்கு வீடு தேவையாகத்தான் இருந்தது. கொச்சியில் அவன் குடியிருப்பைக் கடல் நெருங்கிக்கொண்டிருந்தது. காலி செய்யும்படி அறிவிப்பும் வந்துவிட்டது. நாயகிக்கோ இந்த வீட்டை விட்டால் வேறு கூரை இல்லை. மணம் செய்துகொள்ளாதவள். நகரத்தின் நீர்க்குழாய்களை வீட்டிலிருந்தே திரையில் கண்காணிக்கும் வேலையை, தந்தை கண்ணயரும் வேளைகளில் செய்துவந்தாள். பிரமநாயகம் நிழற்கூரை வாரியத்தில் பொருத்துநராக வெயிலில் தொங்கிச் சம்பாதித்துக் கட்டிய வீடு அது.

வீடு யாருக்கு என்று தீர்மானிக்கும் மதிப்பீட்டுக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போது அடுத்த வீட்டுச் சண்முகவடிவு அவளை மதிலுக்கு அப்பாலிருந்து அழைத்தாள்.

"ஏட்டி நாயகி, ஒனக்கு வீடு வேணுமா, வேண்டாமா?"

"வேண்டாம்னு யாராவது சொல்லுவாளா?"

"அப்புறம் என்னத்துக்குட்டி தெனமும் அந்த மனுசனப் போட்டு முறுக்குத? சுவரு தாண்டி எங்க வீடு வரைக்கும் கேக்கு. இங்கன வந்து எங்க அம்மையப் பாரு. வா."

வடிவு மூன்று தம்பிகளை வென்று வீட்டைப் பெற்றவள். அவள் தாயின் அறையில் மல்லிகை எண்ணெய் மணத்தது. மெல்லிய நாதசுர இசை ஓடிக்கொண்டிருந்தது. கிழவியின் முகத்தில் ஒரு சுருக்கமும் துயரத்தால் ஆனதில்லை. விளக்கு தெளிந்த நீலம். வடிவு போர்வையை மாற்றுவதற்காக விலக்கியபோதுதான் நாயகி மற்றதைப் பார்த்தாள். முழங்கால்கள் மார்புவரை ஏறி நின்றிருந்தன. இரண்டு கைகளும் மோவாயின் கீழே மடங்கி ஒட்டியிருந்தன. மடக்கிக் கட்டிய குடைபோல அந்த உடம்பு ஒரு தலையணை அளவு இடத்தில் அடங்கியிருந்தது.

"ஒரு முனகல் கெடையாது," என்றாள் வடிவு. "தடவிக் குடுப்பேன். பாட்டுப் போடுவேன். அவ்வளவுதான்."

"நிமிர மாட்டாளா?"

"நிமிந்து எங்க போகப் போறா?" வடிவு சிரிக்க முயன்றாள், முடியவில்லை. "மொதல்ல நானும் செஞ்சேன் நாயகி. வெளக்கு செவந்துச்சு. தம்பிக்காரன் கேசு போட்டான். கழுத்துல பட்டை கெடக்கிற வரைக்கும் அரசாங்கத்துக்காரன் அளந்துகிட்டே இருப்பான். இப்பவும் ஒருநாள் இழுத்தேன்னா வீடு போயிரும்."

நாயகி வீடு திரும்பினாள். முதுகு வலித்தது. பல மாதங்களாக வலித்துக்கொண்டிருந்ததை அன்றுதான் ஒப்புக்கொண்டாள். மறுநாள் காலையில் வெந்நீர் வைக்கவில்லை. தந்தையின் அருகில் அமர்ந்து தலைமுடியைக் கோதிக்கொடுத்தாள். "சரி" என்றார் அவர்; கண்ணை மூடிக்கொண்டார். சில நாள்களில் அவள் விளக்கு மஞ்சளாயிற்று, பிறகு நீலமாயிற்று. அவளுக்கும் நல்ல உறக்கம் வந்தது. தம்ளரை சிஸ்டர் பிடித்துக்கொண்டது. மார்பில் ஒரு துளியும் சிந்தவில்லை.

இடையில் கோலப்பன் அலுவல் காரணமாகச் சில வாரங்கள் வரவில்லை. வந்த அன்று, சுவரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"யக்கா, ஒன் வெளக்கும் நீலமாயிட்டே! அப்பாவுக்கு நல்லாயிட்டா?"

நாயகி அடுக்களைக்குள் போனாள். அவன் வழக்கம்போல் இடப்பக்கம் அமர்ந்து பேசத் தொடங்கினான். அறையில் ஏதோ புளித்த வாடை இருந்தது. போர்வையில் தேடினான், தலையணையில் தேடினான், கடைசியில் அது தந்தையின் வலக்கையிலிருந்து வருவதைக் கண்டான். முதல்முறையாக அந்தப் பக்கம் எழுந்து போனான். விரல்கள் உள்ளங்கைக்குள் புதைந்து கிடந்தன. ஒன்றை நிமிர்த்த முயன்றான், அது அசையவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்தபோது நகம் தோலைக் கிழித்து உள்ளே இறங்கியிருந்தது தெரிந்தது.

"யக்கா!"

அவள் அடுக்களையில் நின்றபடியே, "தெரியும்" என்றாள்.

"என்ன செஞ்ச நீ?"

"ஒண்ணும் செய்யல. அதத்தான் செஞ்சேன்."

அவன் அடுக்களை வாசலுக்கு வந்து நின்றான். அவள் திரும்பாமலேயே எல்லாவற்றையும் சொன்னாள்: விரல், முனகல், சிவப்பு விளக்கு, வடிவின் தாய். சொல்லி முடித்ததும், "வாரா வாரம் வந்து நல்ல கையப் புடிச்சிக்கிட்டு நீ நல்ல புள்ளையாயிட்ட. அந்தக் கை எனக்கு ஒருநாளும் கெடைக்கலல?" என்றாள்.

கோலப்பன் திரும்பி அறைப் பக்கம் பார்த்தான். பிறகு, "வீட்ட நீயே எடுத்துக்கோ. நான் எழுதித் தாரேன்" என்றான்.

"எழுத்து செல்லாது. மறந்துட்டியா? ஒடம்புதான் எழுதணும்."

"அப்ப நான் வராம இருந்திருதேன்."

"நீ வராட்டியும் நான் கைய நிமித்தினா எனக்குச் செவப்புதான். என்னயத் தள்ளிருவான். நான் நிமித்தாம இருந்தா வீடு எனக்கு, கை போச்சு. நீ செயிச்சா வீடு ஒனக்கு; அப்பவும் கை போச்சு. கை போகாத வழி எதுலயும் இல்லல."

சிஸ்டர் உள்ளே வந்து, இரவு உணவுக்கு நேரமாகிவிட்டது என்று மென்மையாக நினைவூட்டிற்று. இருவரும் ஒருசேர அதைப் பார்த்த பார்வையில் அது வந்த வழியே திரும்பியது.

பிரமநாயகத்தின் குடும்பத்தில் பாகப்பிரிவினைக்கு ஒரு மரபு உண்டு. அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றிலும் உண்டு. மூத்தவர் பங்கு வைக்க வேண்டும். இளையவர் முதலில் எடுக்க வேண்டும். வைப்பவர் முதலில் எடுக்க முடியாது என்பதால் கூட்டிக் குறைத்து வைக்கமாட்டார். எடுத்தவர் தாமே எடுத்ததால் பின்னால் குறை சொல்ல மாட்டார். எடுத்த பங்கு எடுத்ததுதான். பிரமநாயகமும் அவர் தம்பியும் வயலை அப்படித்தான் பிரித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை நாயகி வெந்நீர்ப் பாத்திரத்தைக் கட்டிலருகே வைத்துவிட்டுச் சொன்னாள்: "வீட்டப் பங்கு வைக்க வழியில்ல. வலியப் பங்கு வைக்கலாம். ரெண்டு பேரு வெளக்கும் பாதி செவந்து பாதி நீலமா இருந்தா, யாரு மேலயும் கலக்கும் கைன்னு முத்திரை குத்த முடியாது. வடிவு கேசுல ஒரு தம்பிக்கு அப்படி விட்டிருக்கான். வாரத்துல பாதி நாள் நீ இங்கன இருக்கணும்."

"லீவு போடுதேன். பங்க வையி."

"கை ஒரு பங்கு. காலும், படுத்தே கெடந்து வந்த முதுகுப் புண்ணும் ஒரு பங்கு. எடு."

கோலப்பன் தந்தையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். கால் நீளமாக, கனமாக இருந்தது. முதுகுப் புண்ணைப் பற்றி நினைக்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கை சின்னது. அதில் இருப்பது ஐந்து விரல்.

"கை" என்றான்.

நாயகிக்குச் சிரிப்பு வந்தது. பல மாதங்களுக்குப் பின் வந்த சிரிப்பு ஆதலால் அது இருமலைப்போல் வெளிப்பட்டது. "எல, அதுதாம்ல இருக்கிறதுலயே பொல்லாதது! கால இழுத்தா அவரு பல்லக் கடிப்பாரு. கையத் தொட்டா உசுரு போயிரும்."

"முன்னாலேயே சொல்லப்படாதா?"

"பங்கு வைக்கிறவ வாயத் தொறக்கப்படாதுல்லா? எடுத்தது எடுத்ததுதான். துணிய நனை."

முதல் நாள் கோலப்பன் ஒரு விரலைக்கூட நிமிர்த்தவில்லை. தந்தை முனகியதும் சிஸ்டரைவிட வேகமாகக் கையை எடுத்துக்கொண்டான். இரண்டாம் நாள் அவர் இடக்கையால் அவனை அடித்தார். அவன் கொல்லைப்புறம் போய் நின்று அழுதுவிட்டு வந்தான். "யக்கா, இந்தாளு என்னய இதுக்கு முன்ன அடிச்சதே இல்ல" என்றான். "என்னய தெனமும் அடிச்சாரு. அது ஒனக்கு வெளக்குல தெரியல," என்றாள் அவள். மூன்றாம் வாரத்தில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் அவனுக்கு வழிவிட்டன. உள்ளங்கைப் புண் காய்ந்தது. நடுவிரல் அசையத் தொடங்கிய அன்று அவன் கொச்சிக்கு மனைவியை அழைத்து, நிலம் வாங்கியவனைப் போல அதைப் பற்றிப் பேசினான். அவன் விளக்கு சிவந்துவிட்டதை அவளிடம் சொல்ல மறந்துபோனான்.

மதிப்பீட்டாளர் ஜெபமணி உச்சிவெயிலுக்கு முன்பாக வந்தார். ஓய்வு பெறும் வயது. வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டே பேசுகிறவர். சுவர் விளக்குகளின் அருகில் தம் கைத்திரையை நீட்டி, பதிவானதை இறக்கிக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்து நெடுமூச்செறிந்தார்.

"ரெண்டு பேரும் தேறுத கோட்டுக்குக் கீழ இருக்கீய," என்றார்.

"பாதிப் பாதியா இருந்தா விடுவாங்கன்னு கேள்விப்பட்டோமே," என்றாள் நாயகி.

"அது அப்பம். போன வருசம் கோட்ட ஒசத்திட்டாங்கம்மா. எல்லா வீட்டுலயும் அமைதி கூடிப்போச்சுல்லா? அதுக்குத் தக்கன ஒசத்திட்டாங்க."

அவர் எழுந்து கட்டிலருகே போனார். வழக்கப்படி நாடிப்பட்டையைச் சரிபார்த்துவிட்டுத் திரும்ப இருந்தவர், போர்வையின்மேல் கிடந்த வலக்கையைக் கண்டு நின்றார். தம் சுட்டுவிரலை அந்த உள்ளங்கையில் வைத்தார். பிரமநாயகம் மெல்ல அதைப் பற்றினார். ஜெபமணி விரலை உடனே எடுக்கவில்லை.

"அளக்கிற வீட்டுல விரிஞ்ச கையப் பாத்து எத்தனையோ வருசம் ஆச்சு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க ஆபீசுல ஒரு கத உண்டு. மேலதிகாரி இருந்தா சொல்ல மாட்டோம். ஒரு எருமை. அது முதுகுல ஒரு காக்காயும் ஒரு கரிச்சான் குருவியும் ஒக்காரும். காக்கா உண்ணியக் கொத்தும், எருமைக்கு வலிக்கும். கரிச்சான் சும்மா ஒக்காந்து பாடும். ஒருநாள் எருமை பஞ்சாயத்து வச்சி, என்னய நோகடிக்காதவருக்கே என் முதுகுன்னு எழுதிக் குடுத்திட்டு. காக்கா போயிட்டு. கரிச்சான் பாடிச்சு. உண்ணி பெருத்துச்சு. எருமை ஒரு சத்தம் போடாம, ரொம்ப அமைதியா, படுத்துட்டு. எந்திரிக்கவே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. ஜெபமணியும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

"ரெண்டு வழி இருக்கு," என்றார் அவர். "இன்னொரு தவணை கேக்கலாம். ஆறு மாசம் தருவாங்க. அந்த ஆறு மாசமும் கையக் காலத் தொடாம இருந்தீயன்னா, யாராவது ஒருத்தரு தேறிரலாம். இல்லன்னா மனை துறப்பு. பிள்ளைய எல்லாரும் சேந்து இந்த மனை வேண்டாம்னு வாயால சொல்லணும். வீடு அரசாங்கத்துக்குப் போயிரும். அப்பாவக் கூட்டிட்டுப் போயிரலாம்."

"போனா அங்க வந்து அளக்க மாட்டாங்களா?"

"வீட்டுக்குத்தானம்மா அளவு? வீடு இல்லாதவன எவன் அளக்கான்? வாடகைக் குடியிருப்புப் பக்கம் போய்ப் பாருங்க. அங்க கெழடுக எல்லாம் கைய நீட்டிச் சண்ட போட்டுக்கிட்டுத் திரியுதுக."

அவர் பதிலுக்காகக் காத்திருக்க முன்கூடத்துக்குப் போய் அமர்ந்தார். அறையில் மூவர் இருந்தார்கள். நாயகி கட்டிலின் கால்மாட்டில் தரையில் அமர்ந்தாள்.

"தவணை கேட்டுருவோம்ல," என்றாள்.

கோலப்பன் திரும்பிப் பார்த்தான்.

"ஆறு மாசம். பெறவு பாத்துக்கிடலாம். எனக்கு முடியலல. இந்த வீட்ட விட்டு எங்கன போவேன்? ஒனக்கும் அங்க கடல் வருது. அவரு வெயில்ல தொங்கிக் கட்டினது. கை மடங்கினா மடங்கட்டும். ஊரு பூரா மடங்கித்தான கெடக்கு? நம்ம அப்பாவுக்கு மட்டும் என்ன?"

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கோலப்பன் கட்டிலருகே போனான். தந்தையின் பக்கம் குனிந்தான்.

"அப்பா, வீட்ட விட்டிரலாமா?"

"சரி."

"விடாம இருக்கலாமா?"

"சரி."

கோலப்பன் வலப்பக்கம் அமர்ந்து அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். நடுவிரலை நிமிர்த்தினான். சுவர் சிவந்தது. மோதிரவிரல் மட்டும் இன்னும் அவனுக்குப் பணியவில்லை.

"யக்கா, நீ பங்கு வச்ச. நான் எடுத்துட்டேன். தெரியாமத்தான் எடுத்தேன், ஆனா எடுத்துட்டேன். எனக்கு வந்தது இந்த வீடு இல்ல, இந்தக் கை. நாலு வெரல தொறந்துருக்கேன். இனிமே எப்படி மடக்கி வைக்கிறது?"

"ஒன் மக கேட்டா என்ன சொல்லுவ? ஒன் பொண்டாட்டி கேட்டா?"

"தெரியல. கடலு வந்தப்பம் என்ன சொல்லுவேனோ, அதத்தான் சொல்லணும்."

நாயகி நெடுநேரம் சுவரில் சாய்ந்திருந்தாள். பிறகு தரையில் கையூன்றி எழுந்தாள். முன்கூடத்தில் மதிப்பீட்டாளரின் முன்னால் இருவரும் நின்று, இந்த மனை எங்களுக்கு வேண்டாம் என்று, ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். நாயகியின் குரல் கைத்திரையில் பதியாததால் அவள் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது. ஜெபமணி உள்ளே போய்ப் பிரமநாயகத்தின் கழுத்திலிருந்து நாடிப்பட்டையைக் கழற்றினார். பட்டை இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. அதை அவர் தம் முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டார்.

மதிலுக்கு அப்பால் நின்ற சண்முகவடிவு, சாமான்கள் வண்டியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பைத்தியக்காரி" என்றாள். போகும்போது ஒரு தூக்குச்சட்டியில் புளிக்குழம்பு கொடுத்தனுப்பினாள்.

தாழையூத்தில் அவர்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது மூன்றாம் மாடியில் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும். தெருவில் நிழற்கூரை பாதிதான் இருந்தது. மீதியை வாரியம் இன்னும் போடவில்லை. சிஸ்டர் அரசின் உடைமை ஆதலால் உடன் வரவில்லை. நாயகி தானே குளிப்பாட்டினாள், தானே புரட்டினாள். ஒருநாள் இடுப்பு பிடித்துக்கொண்டு அவளே அவர் அருகில் படுத்துக் கிடந்தாள். கோலப்பன் வாரத்தில் பாதி நாள் வந்தான். அவன் மனைவி பேசுவதைக் குறைத்துக்கொண்டிருந்தாள். மகள் வேறு நகரத்தில் இடம் தேடிக்கொண்டிருந்தாள். ஓராண்டு கழிவதற்குள் அவன் முடி நரைத்துவிட்டது. தவறு செய்துவிட்டோமோ என்று இருவரும் வெவ்வேறு நாள்களில் நினைத்தார்கள். ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில் கோலப்பன் வழக்கம்போல் துணியைச் சுற்றி, கட்டைவிரலில் தொடங்கி, மோதிரவிரலுக்கு வந்தான். அன்று அவன் சற்று அவசரமாக இருந்தான், குழாய்வண்டிக்கு நேரமாகியிருந்தது. அழுத்திவிட்டான். பிரமநாயகம் முனகவில்லை. வலக்கையை அவன் பிடியிலிருந்து உருவி, அவனுடைய மணிக்கட்டைப் பற்றினார். அவன் இழுத்தும் வரவில்லை. கூரைச் சட்டங்களை முறுக்கிய காலத்துப் பிடி.

"யக்கா! யக்கா, விடமாட்டேங்காரு! அப்பா, வலிக்கு, விடுங்கப்பா!"

நாயகி கரண்டியோடு ஓடிவந்தாள். அவள் கட்டிலை நெருங்குவதற்குள், பிரமநாயகம் மகனின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, விட்டார். யாரும் நிமிர்த்தாமல் அந்த விரல்கள் தாமாகவே விரிந்தன. விரிந்த கையை அவர் தம் மார்பின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

நாயகி கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு கோலப்பன் தன் மணிக்கட்டைச் சன்னல் வெளிச்சத்தில் நீட்டினான். தோலில் சிவந்த தடங்கள் இருந்தன.

"எண்ணு," என்றான்.

"மோதிரவெரலும் பதிஞ்சிருக்குல்லா!"

வண்டி புறப்பட்டுவிடும் என்பதை அவன் சொல்லவில்லை. அடுப்பில் இருந்ததை அவள் நினைக்கவில்லை. அந்தத் தடம் மறைவதற்குள் நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்பதுபோல், அக்காவும் தம்பியும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.